வாசல்படி

செல்லூர், மதுரை
ஏப்ரல் 2025

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். முட்டிவலி வழக்கம்போல இருக்கிறது, மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். மருமகளும் பேத்தியும் நலந்தானே?

போனில் சொன்னால் நீ இடையில் பேசிவிடுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. நம் வீட்டு வாசல்படி இப்போது இல்லை. நான்தான் இடிக்கச் சொன்னேன். 94இல் உன் அப்பா தன் கையாலேயே பூசி, சிவப்புக் காவி போட்டு மெழுகிய படி. நீ பத்தாவது பரீட்சைக்கு உட்கார்ந்து படித்ததும் அதில்தான். கொத்தனார் சம்மட்டியைத் தூக்கியதும் என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஏன் இடித்தேன் என்று சொல்ல, போன ஐப்பசியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. அன்று மதுரையில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை. அதில் 4.5 செ.மீ. கால் மணி நேரத்திலேயே கொட்டிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மேலே இருக்கிற கண்மாய்கள் மறுகால் பாய்ந்து, செல்லூர் கண்மாயும் நிறைந்து, தண்ணீர் தெருவுக்குள் வந்தது. கண்மாய்த் தண்ணீர் வாசல் வழியாகத்தானே வரும் என்று நான் மணல் மூட்டையோடு வாசலில் நின்றேன். ஆனால் அது முதலில் வந்தது பின்கட்டில், உன் தாத்தாவின் தறிக்குழியில். தறி போய் இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் குழியை மூட மனசு வராமல் பலகை போட்டு வைத்திருந்தோம் இல்லையா, அந்தப் பலகை மெல்ல மேலே எழும்பியது. கறுப்புத் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை, சாக்கடைத் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த சேலையெல்லாம் போச்சு. பேத்திக்கு எடுத்து வைத்திருந்த பாவாடைத் துணியும் அதில்தான் போனது.

அன்று ராத்திரிதான் நீ போனில், "வீட்டைக் கொடுத்துட்டு இங்கே வந்துரும்மா" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

அப்புறம் அரசு, செல்லூர் கண்மாயில் இருந்து வைகை வரைக்கும் 290 மீட்டருக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட 11.90 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல விஷயம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அதைப் பேப்பரில் படித்ததும் எனக்கு வேறொரு யோசனை வந்தது. ஆத்துக்குப் போகிற பெரிய கால்வாயை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், நம் தெருச் சாக்கடை வாறுகால் அடைத்துக் கிடந்தால் நம் வீட்டுத் தண்ணீர் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? மறுநாள் காலையில் துணி காயப்போடுகிற கம்பை எடுத்துக்கொண்டு தெரு முனையில் இருந்து நம் வீடு வரைக்கும் நடந்தேன். வாறுகாலுக்குள் கம்பை விட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டடி ஆழ வாறுகாலில் ஒன்றரை அடிக்கு வண்டல். பல இடத்தில் கம்பை விடவே வழியில்லை, மேலே படி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாறுகாலுக்கு மேலே படியோ வண்டி ஏற்றுகிற சாய்தளமோ கட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணினேன். 22 வீட்டில் 17. பதினேழாவது நம் வீடு.

தை மாசம் பகுதி சபாக் கூட்டம் நடந்தது. உனக்கு இது தெரியாது, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து நடத்துகிற கூட்டம். 2022இல் விதி போட்டார்கள். அந்த நவம்பர் 1ஆம் தேதி தாம்பரம் பக்கம் பம்மலில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் 2016இல் இருந்து உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல், வாறுகால் அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் கிடந்தோமே, நினைவிருக்கிறதா? 2022 பிப்ரவரியில்தான் கவுன்சிலர் என்று ஒரு ஆள் வந்தார். இன்றைக்குக் குறை இருந்தால், நேரில் கேட்பதற்கு ஒரு முகமாவது இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருப்போம். பாதிப் பேர் பெண்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எரியாத தெருவிளக்கு ஆறு, எந்தக் கம்பம் என்று கம்ப நம்பரோடு. வாறுகாலில் எத்தனை அடி வண்டல் என்று வீட்டு வீட்டுக்கு. அப்புறம், தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை. நம் தெருவுக்கு வருகிற அம்மா வெறும் கையால் கண்ணாடிச் சில்லைப் பொறுக்குவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் உடைந்த கண்ணாடியை மட்டும் தனியாகப் பழைய பேப்பரில் சுற்றி, மேலே எழுதிக் கொடுக்கிறேன்.

வண்டலைப் பற்றிப் பேசியதும், "படியை எடுத்தால்தான் வாற முடியும், நீங்கள் எடுப்பீர்களா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். கூட்டமே அமைதியாகிவிட்டது. யாருக்குத்தான் மனசு வரும், சொல்லு. என் பக்கத்தில் இருந்த டீக்கடைக்காரர் குனிந்துகொண்டார். நான் எழுந்து, "எங்க வீட்டுப் படியை முதல்ல எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உன் அப்பா நினைப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கோபிக்க மாட்டார். படி கட்டும்போது "ஓரமா ஒரு கல்லைத் தூக்குற மாதிரி வைக்கணும்" என்று சொன்னவர்தான் அவர். கொத்தனார் கேட்கவில்லை.

நம் படி போன பிறகு பத்து நாளில் ஒன்பது வீடு எடுத்தது. மாசி கடைசியில் வண்டலை வாரினார்கள். அதிலும் ஒரு கூத்து. வாரிய ஒப்பந்தக்காரர் வண்டலைத் தெருவோரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார். ஆட்டோ ஏறி, சைக்கிள் ஏறி, பாதி மறுபடி உள்ளேயே விழுந்தது. நான்கு நாள் வார்டு அலுவலகத்துக்கு நடந்தேன். ஐந்தாம் நாள் வண்டி வந்து அள்ளியது. இன்னும் ஏழு வீட்டுப் படி அப்படியே இருக்கிறது. ஒரு வீட்டில் வயசானவர் நடக்க முடியாதவர், அங்கே இரும்புச் சாய்தளம் போட்டுக் கொடுத்தால்தான் எடுக்கச் சொல்ல முடியும். அதை அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு விளக்கில் ஐந்து எரிகிறது, எல்.ஈ.டி. போட்டிருக்கிறார்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிற பிள்ளைகள் இப்போது அந்த முனையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. கையுறை வந்தது, இரண்டே மாசத்தில் கிழிந்தும் போனது, மறுபடி கேட்டிருக்கிறோம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இருந்து நேராக மதுரைக்கு வரப்போகிறதே, அதற்கான குழாயும் மீட்டரும் நம் வாசலில் போட்டாகிவிட்டது. தண்ணீர் இன்னும் பழைய குழாயில்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெட்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல் தெரு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நாய்த் தொல்லை அப்படியே.

வீட்டுத் தீர்வையைக் கட்டிவிட்டேன். ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் குறைப்பார்கள், அந்தக் காசில்தான் வாசலுக்குப் புதிதாகப் போட்ட இரும்புப் படிக்கு பெயிண்ட் வாங்கினேன். 2022இல் தீர்வையை ஏற்றியபோது நீதான் ரொம்பக் கோபப்பட்டாய். 601 முதல் 1,200 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம் கூட்டினார்கள், நம் வீடு அதில்தான் வந்தது. எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். இப்போது ரசீதை நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிறேன், தம்பி. கூட்டத்தில் எழுந்து கேட்கும்போது அந்தத் தாள் கையில் இருப்பது எனக்கு ஒரு தைரியம்.

நீ கூப்பிட்டதில் தப்பே இல்லை. உன் பயம் எனக்குப் புரிகிறது. அன்று ராத்திரி நானும் பயந்தேன். ஆனால் வீட்டைக் கொடுக்க மாட்டேன், ராசா. அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தால், பேச்சை மறுபடி எடுப்போம். அது வரைக்கும் கேட்காதே. வாறுகாலில் தண்ணீர் இப்போது ஓடுகிறது. நேற்று மத்தியானம் பெய்த கோடை மழையில் வாசலில் நின்று பார்த்தேன், முனை வரைக்கும் நிற்காமல் போனது. ஒரு வேப்பிலைக் கொத்து மிதந்து போனதைக் கண்ணில் இருந்து மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 12 அழகர் ஆற்றில் இறங்குகிறார். லீவு போட்டுக்கொண்டு மூன்று பேரும் வாருங்கள். தறிக்குழியை மூடிவிட்டேன், அந்த இடத்தில் கட்டில் போட்டிருக்கிறது, பேத்தி அங்கே படுக்கலாம். வாசலில் இப்போது தூக்கி வைக்கிற இரும்புப் படிதான் இருக்கிறது, பழைய படியை விட நாலு விரல் உயரம் குறைவு. ராத்திரி பஸ்ஸில் வந்தால் பழக்கத்தில் காலை வைத்துவிடாதே, பார்த்து ஏறு. பேத்தியை நீயே தூக்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா