குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குழந்தை பிறந்த பிறகு பழைய நண்பர்களின் வீட்டுக்குப் போவதை நம்மில் பலர் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறோம். 'அவர்களுக்கு ஏன் வீண் தொந்தரவு' என்று நாம் சொல்லும் காரணம் பாதிதான் உண்மை. நண்பர் முன்போல நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை என்ற மனத்தாங்கலும் அதில் கலந்திருக்கிறது. கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் தாய்க்கும் தந்தைக்கும், உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டியிருப்பதே அந்தக் காலத்தில்தான். ஆகவே அவசியம் போக வேண்டும். ஆனால் நம் வசதிப்படி அல்ல, குழந்தையின் வசதிப்படி.

வேலை முடிந்து நாம் சாவகாசமாகப் போய்ச் சேரும் இரவு நேரம், பெரும்பாலும் அந்த வீட்டில் அரும்பாடுபட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரமாக இருக்கும். ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாம் அழுத்தும் ஓர் அழைப்பு மணி அதைக் கலைத்துவிட்டால், நாம் விடைபெற்ற பிறகும் நள்ளிரவு வரை தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் அவர்கள்தான்.

அண்மையில் பள்ளிக்கால நண்பர் ஒருவரின் வீட்டுக்கு, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சென்றிருந்தேன். மகனுக்குச் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டபடி அவர் தொடங்கிய வாக்கியம், அவன் கையை உருவிக்கொண்டு ஓடியதில் பாதியில் நின்றது. அவனைப் பிடித்துக்கொண்டு வந்தபோது என்ன சொல்ல வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. துவைத்த துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. அவற்றை நான் எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அவரும் அவர் மனைவியும் ஒப்புக்குத் தடுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் பேச்சு ஓடியது. விருந்தினர் என்றால் உபசரிக்கப்பட வேண்டியவர் என்ற எண்ணத்தை, இப்படிப்பட்ட வீடுகளிலாவது நாம் கழற்றி வைத்துவிடலாம்.

பச்சிளம் குழந்தை இருக்கும் இடத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாகத் தோன்றும் கக்குவான் இருமல் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கான முதல் தடுப்பூசியோ ஆறு வார வயதுக்கு முன் போடப்படுவதில்லை. உதட்டோரம் கொப்புளத்தோடு கொடுக்கும் ஒரு முத்தமும் அதேபோல் ஆபத்தாகலாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதும், போனவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், முத்தமிடாமல் இருப்பதும் அன்புக் குறைவு ஆகிவிடாது.

சற்று வளர்ந்த குழந்தை நம்மைக் கண்டதும் வீறிட்டு அழுதால், அதை வளர்ப்பின் குறையாகப் பேசுவது கொடுமை. ஏறத்தாழ எட்டு மாதத்தில் புதுமுகங்களைக் கண்டு மிரளுவது இயல்பான வளர்ச்சியே. வலிந்து தூக்காமல் தரையில் உட்கார்ந்து நம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால், பல நேரங்களில் அதுவே தவழ்ந்து அருகில் வரும். அழுகையை நிறுத்துவதற்காக நம் கைப்பேசியை எடுத்து நீட்டுவதும், பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதும் நாம் செய்யக் கூடாதவை.

வீட்டாரும், வந்தவர் மனம் கோணுமே என்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 'இன்று வேண்டாம், விடுமுறை நாள் காலையில் வாருங்கள்' என்று நேராகவே சொல்லலாம். நெடுநாள் நண்பர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்