ஏழு நாள் ஒன்பது நாளாகக் கூடாது

அன்புள்ள மகளே,

கருத்தடை மாத்திரையின் புது அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கிவிட்டேனே, ஏதாவது ஆகுமா என்று, கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய இரவு நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போதே சுருக்கமாகப் பதில் சொன்னேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் நீயும் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலமெல்லாம், மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த எத்தனையோ பெண்கள் இதே கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்கள் என்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே.

நீ சாப்பிடும் மாலா-என் அட்டையைக் கையில் எடுத்துப் பார். 28 மாத்திரைகளில் 21 வெள்ளை, 7 பழுப்பு. லெவோநார்ஜெஸ்ட்ரல், எத்தினைல் எஸ்ட்ராடையால் என்னும் இரண்டு ஹார்மோன்களும் வெள்ளையில்தான் இருக்கின்றன; பழுப்பில் இருப்பது இரும்புச்சத்து. மலம் கறுக்கிறது, வயிறு பொருமுகிறது என்று பழுப்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. போடுவதால் கருத்தடைக்குக் குறையொன்றும் வராது. ஆனால் தினமும் அட்டைக்குப் போகும் கை ஏழு நாள் போகாமல் இருந்துவிட்டால், எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்க வேண்டும் என்பது கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

நீ தவறியது அங்கேதான். நடு அட்டையில் ஒரு மாத்திரை விட்டுப்போனால் பதறுகிற பெண்கள், புது அட்டையை இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குவதைப் பொருட்படுத்துவதில்லை. "இப்போதுதானே தலைக்குக் குளித்தேன், அதற்குள் என்ன ஆகிவிடும்" என்பார்கள். விஷயம் நேர்மாறானது. வெள்ளை மாத்திரைகள் கருமுட்டை வளரவிடாமல் சினைப்பையை அடக்கி வைத்திருக்கின்றன; ஹார்மோன் இல்லாத அந்த ஏழு நாளில் பிடி தளர்ந்து, முட்டை மெல்ல வளரத் தொடங்குகிறது; எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை உள்ளே போனால் அது மறுபடி அடங்கும், ஒன்பது பத்து என்று நாள் நீண்டால் வெடித்து வெளிவரவும் கூடும். நடுவில் விட்ட ஒன்றைவிட, அட்டை மாறுகிற இடத்தில் விட்ட இரண்டே எனக்கு அதிகப் பயம் தருவது.

ஒரே ஒரு வெள்ளை விட்டுப்போனால், நினைவு வந்தவுடன் அதைப் போட்டுக்கொண்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு விழுந்தாலும் பாதகமில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை உடனே போட்டு, மிச்சத்தைத் தொடர்ந்து, ஏழு நாளைக்கு ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது வாரத்தில் அப்படி நேர்ந்தால், வெள்ளை முடிந்ததும் பழுப்பைத் தொடாமல் நேரே அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும். தாமதமான நாட்களில் மாப்பிள்ளை ஊரில் இல்லை என்றாய். இருந்திருந்தால், உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

பேருந்தில் வாந்தி எடுத்ததாகவும் சொன்னாய். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவை இந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதால், வேறு எதற்கு மருத்துவரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதை மறைக்காதே.

கல்யாணத்துக்காக நாள் தள்ளிப்போக மருந்துக்கடையில் தனியாக மாத்திரை வாங்கினாயாமே, உன் அம்மா சொன்னாள். அது கருத்தடை மாத்திரை அல்ல. அதை நம்பி இதை நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உனக்கு அது தேவையும் இல்லை. பழுப்பை விட்டுவிட்டு அடுத்த வெள்ளையைத் தொடங்கியிருந்தால் மாதவிலக்கு தானே தள்ளியிருக்கும், அட்டையின் தொடர்ச்சியும் அறுந்திருக்காது.

ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு தங்குவதில்லை. நடைமுறையில் ஏறக்குறைய ஏழு பேருக்குத் தங்குகிறது. மாத்திரை ஒன்றுதான், இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறதியால் வருவது. மறதியைத் திட்டி என்ன பயன்? தினமும் முடியவில்லை என்றால் செவிலியரிடம் சாயா மாத்திரை கேள்: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இலவசம்தான். அதிலும் கிழமை தவறக் கூடாது.

இதிலேயே தொடர்வதானால் அரசு மருத்துவமனையில் மூன்று அட்டையாகக் கேட்டு வாங்கு. இப்போது சாப்பிடும் அட்டையையும் அடுத்ததையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வை. அரிசி டப்பா வேண்டாம்.

அன்புடன்,
உன் பெரியம்மா