நாற்பது பன்றி போதுமுங்க

மதிப்பிற்குரிய ஆன்லைன் விளையாட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கமுங்க.

சென்ற வியாழக்கிழமை அப்டேட்டில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர் ஏறக்கூடிய உச்ச லெவல் 80 ஆக இருந்ததை 100 ஆக்கினீர்கள். அதே நாளில் கடைப் பக்கத்தில் ஒரு டிக்கெட்டையும் தொங்கவிட்டீர்கள். வாங்கினால் நேராக 80-இல் போய் நிற்கலாம். இரண்டு அறிவிப்பும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கீழே இருப்பதை எழுதினீர்களா என்று புகார்ப் படிவத்தில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று அச்சு மாறாமல் ஒரே பதில். எங்கள் பக்கம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் ஒரு சீட்டாவது கையில் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லாததால் ஊரறிய எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு குழுவில் யார் எந்த லெவலில் இருந்தாலும் ஒரே டஞ்சனுக்குள், அதாவது ராட்சசர்களோடு சண்டை போடும் குகைக்குள், சேர்ந்து போக வழி செய்யுங்கள். உள்ளே இருக்கும்வரை எங்களைக் கீழே இறக்குவீர்களோ, அவனை மேலே ஏற்றுவீர்களோ, அது உங்கள் சௌகரியம்.

‘அவன்’ யாரென்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். இன்னொருவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்ப்பவர். சண்டையில் அடிபட்டவர்களைக் குணமாக்கும் எங்கள் ஹீலர் பொள்ளாச்சிக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா; நேரில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறோம், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. நாலாவது ஆள் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன். அவன்தான் எங்கள் டேங்க். முன்னால் நின்று அடி வாங்குவது அவன் வேலை. எனக்குக் கேடயம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான், “மாப்ள, அடிக்கறதுக்கு முன்னாடி அவன் காலைப் பாரு, கையப் பாக்காத” என்று.

இரண்டு வருசத்துக்கு முன் அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எட்டுத் தறியும் அவன் தலைமேல் வந்தது. ஆள் கிடைக்காத நாளில் ஷிப்டும் அவனே நிற்பான். விளையாட்டை விட்டான். விடும்போது அவன் லெவல் 60. அன்றைக்கு அதுதான் உச்சி. இந்த ஆடியில்தான் திரும்பி வந்தான். ராத்திரி தறிக்குடோன் மூலையில் உட்கார்ந்து, செல்போனில், தினம் ஒரு மணி நேரம். வந்து பார்த்தால் உச்சி 80-க்குப் போயிருந்தது. இப்போது 100. அவன் ஒரு படிகூடக் கீழே இறங்கவில்லைங்க. நீங்கள்தான் மலையை உயர்த்திக்கொண்டே போகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரும் பழைய சுரங்க டஞ்சன் வாசலில் போய் நின்றோம். அது உங்களுடைய பழைய சரக்குத்தான். லெவல் 55-க்கு இருந்ததையே புதுப் பெயிண்ட் அடித்து 75 ஆக்கியிருக்கிறீர்கள். மூன்று பேர் உள்ளே போனோம். அவன் திரையில் ‘உங்கள் லெவல் போதாது’ என்று வந்தது. அந்தச் சுரங்கத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் நெருப்பு படாது என்று எங்களுக்கு முதலில் சொன்னவன் அவன்.

நாங்கள் அவனுடைய லெவலுக்கு ஏற்ற டஞ்சனுக்கு இறங்கிப் போகலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. நாங்கள் ஒரு வெட்டு வெட்டினால் ராட்சசன் சாய்கிறான். இவன் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். போதாததற்கு, பெரிய லெவல் ஆள் கூட இருந்தால் சின்ன லெவல்காரனுக்கு வரும் எக்ஸ்பியை, லெவல் ஏற்றும் அந்த அனுபவப் புள்ளியை, பாதிக்கும் கீழே வெட்டுகிறீர்கள். நண்பர்களோடு வந்ததற்கு அபராதம்!

அன்றைக்கு டேங்க் இல்லாமல் முடியாது என்பதால் முன்பின் தெரியாத ஆட்களைச் சேர்த்துவிடும் உங்கள் மேட்ச்மேக்கிங்கில் ஆள் கேட்டோம். லெவல் 80 டேங்க் ஒருவர் வந்தார். சின்னப் பையன், குரலிலேயே தெரிந்தது. டிக்கெட் வாங்கி முந்தின நாள்தான் 80 ஆனவர். முதல் சண்டையிலேயே எல்லோரும் செத்தோம். இரண்டாவதிலும். மூன்றாவதில் அவர் கேட்டார்: “ராட்சசன நம்ம பக்கம் இழுக்கற பட்டன் எதுங்கண்ணா?” அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைக் காசு வாங்கிக்கொண்டு கிணற்றுக்குள் இறக்கிவிட்டது நீங்கள்.

அப்போதுதான் வாய்ஸ் சாட்டில் இருந்த நம் தறிக்காரன் பேசினான். அவன் வெளியே, டஞ்சனுக்கு வெகுதூரத்தில், ஒரு காட்டில் தனியாகப் பன்றி வேட்டையாடிக்கொண்டிருந்தான். 40 பன்றி கொன்றால் ஒரு குவெஸ்ட் முடியும். மைக்கில் பின்னால் தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னான்: “தம்பி, கொஞ்சம் இடது கைப்பக்கம் நகருங்க. அவன் காலைத் தூக்கறானா? பின்னால வந்துருங்க. இப்பக் கேடயம். இப்ப! அவ்வளவுதானுங்க, நல்லாப் பண்றீங்க.” இங்கே இதைச் சொல்லிக்கொண்டே அங்கே பன்றியை வெட்டுகிறான். ஏழாவது தடவை ஜெயித்தோம். அந்தப் பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அண்ணா, இவ்வளவு தெரிஞ்சவரு நீங்க ஏனுங்கண்ணா உள்ள வரல?”

“எனக்கு லெவல் பத்தலீங்க தம்பி.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, தறிதான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாவது பன்றி விழுந்ததும் “சரி மாப்ள, தறில நூல் தார் மாத்தோணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தெரிந்தவன் வெளியே, தெரியாதவர் உள்ளே. உங்கள் லெவல் எதைத்தான் அளக்கிறது?

(ஊர்ப்பழமை ஒன்று: எங்கள் மேற்கு மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி மக்காச்சோளக் காட்டை உழுதுவிட்டுப் போகிறது. அதை விரட்டப் போகிறவரிடம் யாரும் லெவல் கேட்பதில்லை.)

அந்த ஒரு மணி நேரக் கணக்கில் அவனுக்கு ஒரு லெவல் ஏற நாலு ராத்திரி ஆகிறது. 60-இலிருந்து 75-க்கு அறுபது ராத்திரி. அதற்குள் நீங்கள் வாசலை 95-க்கு நகர்த்தியிருப்பீர்கள். டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். “ஏறுன மலைக்கு மறுபடியும் டிக்கெட்டா மாப்ள?” என்று சிரித்தான். அப்புறம், அந்தக் காசுக்கு எத்தனை மீட்டர் ஓட்ட வேண்டும் என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டான். அதற்குமேல் நான் பேசவில்லை.

லெவலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லைங்க. பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்பவர் முதலில் கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பார், தைத்ததை மடிப்பார், பிசிறு வெட்டுவார். கண்ணும் கையும் பழகின பிறகுதான் ஓவர்லாக் மெஷினில் உட்காருவார். முதல் நாளே உட்கார வைத்தால் விரல் போகும். புது ஆட்டக்காரருக்கும் அப்படித்தான். இருபது பட்டனையும் ஒரேயடியாகக் கொடுத்தால் திகைத்துப்போவார். ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பழக்குவதற்குப் பெயர்தான் லெவல். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தவரைக்கும் எனக்கு அதன்மேல் மரியாதை. ஆனால் பத்து வருசம் தைத்த டெய்லர் இரண்டு வருசம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அவரை மறுபடி கைமடியாக்கும் கம்பெனி திருப்பூரில் கிடையாது. ஆக்கினால் அவர் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார். அதை நீங்கள் யோசித்தீர்களா?

லெவல் என்பது 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலிருந்து வந்த வழக்கம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1999-இல் ‘எவர்குவெஸ்ட்’ வந்தபோது செத்தால் சேர்த்த எக்ஸ்பியிலேயே கொஞ்சம் போய்விடும். அதனால் அங்கே ஒருவர் உச்சியில் நின்றால், விழுந்து எழுந்து வந்தவர் என்று நம்பலாம். எண்ணுக்குப் பின்னால் ஆள் இருந்தார். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004-இல் 60-ஐ உச்சியாக வைத்துத் தொடங்கியது. கூட்டிக் கூட்டி 2018-இல் 120 வரை போனார்கள். அவர்களே தாங்க முடியாமல் 2020-இல் 120-இல் இருந்தவர்களை 50-க்கு இறக்கி, உச்சியை மறுபடி 60-இல் கொண்டுவந்து வைத்தார்கள். பதினாறு வருசம் ஏறினது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. நடுவில் 2014-இல் லெவல் 90-ஐக் காசுக்கும் விற்றார்கள். அங்கே ஒரு கம்பெனி பட்டதைப் பார்த்த பிறகும் நீங்கள் அதே வழியில் போகிறீர்கள்.

சேர்ந்து ஆட வழியில்லையா என்றால், இருக்கிறது. 2005-இல் வந்த ‘கில்டு வார்ஸ்’ 20-இலேயே ஏற்றத்தை நிறுத்திவிட்டது. அதற்கு மேல் திறமைதான். அதன் இரண்டாம் பாகத்தில் சின்ன லெவல் பகுதிக்குள் போனால் உங்கள் லெவல் தானாக அந்த இடத்துக்கு இறங்கிக்கொள்ளும். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2016-இல் உலகம் முழுவதையுமே அப்படிச் சமன் செய்து, யாரும் யாரோடும் எங்கும் போகலாம் என்று திறந்துவிட்டது. ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ பழைய டஞ்சன்களுக்குள் பெரிய ஆட்களை லெவல் இறக்கித்தான் அனுப்புகிறது. 1997-இலேயே ‘அல்டிமா ஆன்லைன்’ லெவல் என்பதே இல்லாமல் கைத்திறனை மட்டும் வளரவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஏறுவதே சுகம் என்பவர்கள் உண்டு. எங்கள் ஈரோட்டுக்காரர் அந்த வகை. மூட்டை எண்ணுகிற கை, எக்ஸ்பியும் எண்ணும். ‘ரூன்ஸ்கேப்’பில் ஒரு திறனை 99-க்குக் கொண்டுபோக 13,034,431 எக்ஸ்பி வேண்டும், 92-ஆவது லெவலில் நின்றால்தான் பாதி வழி வந்ததாக அர்த்தம். அதையும் ஒருவர் உட்கார்ந்து முடிக்கிறார் என்றால் கும்பிட வேண்டியதுதான். அவருடைய ஏணியை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. “இத்தன லெவல் நான் ஏறியிருக்கறேன், சும்மா வர்றவனுக்கும் எனக்கும் ஒண்ணான்னு கேட்பனே” என்று அவர் முதலில் முறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு அவரும் கேட்பதில்லை. கவசமும் பட்டமும் ஏறினவருக்கே இருக்கட்டும். வாசலை மட்டும் திறந்துவிடுங்கள்.

எழுத உட்கார்ந்ததும் மற்றதும் வந்து நிற்கிறது. உங்கள் சர்வர் பராமரிப்பு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை பொழுதோட ஆறு மணிக்குத்தான். உங்கள் ஊரில் அது யாரும் ஆடாத நேரமாக இருக்கலாம். எங்களுக்கு வாரத்தில் கிடைப்பதே அந்தப் பொழுதுதான். மின்வாரியம்கூட மாதாந்திரப் பராமரிப்பு என்றால் எந்தெந்த ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே பேப்பரில் சொல்லிவிடுகிறது. நீங்கள் ‘விரைவில் திரும்புவோம்’ என்று ஒரு டிராகன் தூங்குகிற படம் போடுகிறீர்கள். அழகான டிராகன்தான். அதன்மேல் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்த முப்பது நாள் தொடர் வருகைக்கு முயல் காது தொப்பி. இருபத்தொன்பதாம் நாள் நம் அக்காவின் பெரியவனுக்குக் காய்ச்சல். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணச் சொன்னது உங்கள் கணக்கு. பள்ளிக்கூடத்தில்கூட லீவ் லெட்டர் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, தடம் மாறிவிட்டேன், மன்னிக்கணும். தொப்பி போகட்டும். பராமரிப்பும் எப்போது வேண்டுமோ அப்போது செய்துகொள்ளுங்கள். வாசல் விஷயத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்களாம். நூல் கோத்திருக்கும் அச்சு, விழுது எல்லாவற்றையும் கழற்றி அடியிலிருந்து ஆரம்பிப்பதில்லை. இதை அவன்தான் சொன்னான், உங்களைக் குத்திக்காட்ட அல்ல. அன்றைக்கு அவன் ஏன் தாமதமாக வந்தான் என்பதற்குக் காரணமாகச் சொன்னான். எனக்குத்தான் உங்கள் ஞாபகம் வந்தது.

தீபாவளிக்குத் தறி நாலைந்து நாள் நிற்கும். கம்பெனிக்கும் லீவ். அக்கா பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாலு பேரும் சேர்ந்து அந்தச் சுரங்கத்துக்குள் போக ஆசைப்படுகிறோம். தயவுசெய்து அதற்குள் லெவல் சமன்படுத்தும் வசதியைக் கொண்டுவாருங்கள். எல்லா டஞ்சனுக்கும் முடியாதென்றால் அந்த ஒன்றுக்காவது. அதுவும் முடியாதென்றால் முடியாது என்று ஒரு வரி, மனிதர் யாராவது கையால் எழுதி அனுப்பினால் போதும். அவனிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் ஏட்டில் லெவல் 82 ஆக இருக்கும் திருப்பூர்க்காரன்.

பி.கு.: இதை முடிக்கும்போது அவனிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. 61 ஆகிவிட்டானாம். நீங்கள் அனுப்பிய வாழ்த்துச் செய்திக்கு அடியிலேயே டிக்கெட் விளம்பரமும் இருந்தது.