நூல் காயும்வரை

செல்லூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புச் சிநேகிதிக்கு,

உன் ஸ்வெட்டருக்கான நூல் சமையற்கட்டுக் கொடியில் தொங்குகிறது. அது காய்கிறவரை எனக்கு வேறு வேலை ஓடாது, அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் இங்கே கரண்ட் வந்து போனில் சார்ஜ் ஏறினால் உன் மலையில் சிக்னல் இல்லை. அதுவும் இல்லாமல், சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.

முதலில் நல்ல சேதி. இந்த வாரப் புயலில் நான், வீடு, என் பூனை முண்டாசு மூணு பேரும் பத்திரம். மாடித் தொட்டியின் மூடி பறந்துபோய் நாலு வீடு தள்ளி விழுந்தது. முருங்கை மரம் வழக்கம்போல ஒடிந்தது. வேறு சேதம் இல்லை. உன் வீட்டு ஓடு எப்படி இருக்கிறது? கஜா வந்த வருஷம், 2018 நவம்பரில், நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே விடிகாலையில் கரையேறின புயல், உள்ளே வந்ததும் அடங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது திண்டுக்கல் வரைக்கும் வந்து, கொடைக்கானல் மரங்களைச் சாய்த்துவிட்டு, மலையைத் தாண்டி அரபிக் கடலுக்கே போனது. ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததையும், நீ விறகடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்ததையும் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாய். இந்தத் தடவை அப்படிச் செய்யாதே. கையோடு ஒரு வரி எழுதிப் போடு.

இங்கே காற்று பெரிசாக இல்லை. புயல் மதுரை வந்து சேர்வதற்குள் காற்று தேய்ந்து மழை மட்டும் மிச்சமிருக்கும். ஆனால் செல்லூர்க்காரிக்குப் பயமே மழைதானே. 2024 அக்டோபர் 25 உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு விடாமல் போன் போட்டது நீதான். மத்தியானம் 15 நிமிஷத்துக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்காலில் கொள்ளாமல் தெருத்தெருவாக ஏறியது. எங்கள் வாசலுக்கு மூணு படி. மூணும் முழுகி, தண்ணீர் கூடத்துக்குள் வந்து, கட்டில் காலில் பாதி நனைந்தது. வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று சின்ன வயசிலேயே நமக்கு மனப்பாடம். அது ஆற்றங்கரைக் கணக்கு. எங்கள் தெருக் கணக்கு இந்த மூணு படிதான்.

அன்றிலிருந்து மழை என்றால் எனக்குத் தூக்கம் கிடையாது. இதை உன்னிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. தூறல் விழுந்தாலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். டார்ச்சை அடித்து அடித்துப் படியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்க்கப் பார்க்க, ஏறாத தண்ணீரும் ஏறுகிற மாதிரியே தெரியும். விடியும்போது தண்ணீர் வந்திருக்காது, நான்தான் காய்ச்சல்காரி மாதிரி கிடப்பேன். மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணித் திட்டுவான். திட்டினால் பயம் போகுமா?

இந்தப் புயல் வருகிறது என்று செய்தி வந்த அன்றைக்கு உன் ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தை ஆரம்பித்திருந்தேன். கத்திரிப்பூ நிறம். உன் ஊர்ப்பக்கம் மன்னவனூரில் கம்பளி ஆடு வளர்க்கிற மத்திய அரசின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. இருந்தும் உனக்கு நான் பின்னுவது லூதியானாவிலிருந்து வருகிற அக்ரிலிக் உல்லனில்தான். உனக்குக் கம்பளி பட்டால் கழுத்து அரிக்கும் என்று எனக்குத் தெரியுமே. 110 கண்ணி. அடிப் பட்டைக்கு 10-ஆம் நம்பர் ஊசியில் ஒரு நேர்க் கண்ணி (நிட்), ஒரு புரட்டுக் கண்ணி (பர்ல்), மேலே உடம்புக்கு 8-ஆம் நம்பர். நம் தையல் டீச்சர் சொன்னதை இன்னும் விடவில்லை: நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு, மெலிசு ஊசியில் போட்ட பட்டைதான் தொய்யாமல் பிடிக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறி எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிட்டன. தறிச் சத்தம் போனதும் மழைச் சத்தம் இரண்டு மடங்கானது. அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல நாற்காலியை வாசலுக்கு இழுக்கப் போனேன். நாற்காலியில் முண்டாசு படுத்திருந்தான். காதுக்கு மேலே கறுப்பாக ஒரு சுற்று, அதனால்தான் அவனுக்கு அந்தப் பேர், உனக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறவன், அன்றைக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. சரி, இவனை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பின்னலை எடுத்தேன். உட்கார்ந்ததும் ஒரு யோசனை வந்தது. நாலு வரிசை பின்னுவேன், அப்புறம் எழுந்துபோய்ப் படியைப் பார்ப்பேன். நாலு வரிசை முடியாமல் எழுந்திருக்கக் கூடாது.

நாலு வரிசை என்றால் என் கைக்கு இருபது நிமிஷம். முதல் தடவை இரண்டாவது வரிசையிலேயே மனசு வாசலுக்குப் போய்விட்டது. ஆனால் பர்ல் வரிசையில் பாதியில் ஊசியைக் கீழே வைத்தால் கண்ணி நழுவும், அதுவும் அந்த மங்கல் வெளிச்சத்தில் நழுவினதைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே முடித்துவிட்டுத்தான் போனேன். முதல் படிகூட நனையவில்லை. திரும்பி வந்தேன். அடுத்த நாலு. படியையே பார்த்துக்கொண்டு இருப்பதற்கும், ஒரு வேலையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நாலு வரிசைக்கு ஒரு தடவைதான் வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் முண்டாசு நாற்காலியை விட்டு இறங்கி என் பாதத்தின்மேல் வந்து படுத்தான். பூனைக்கு உடம்புச் சூடே 38 டிகிரிக்கு மேல்தான், தெரியுமா? தரை சில்லென்று இருக்கும்போது அந்தச் சூடு கணுக்கால் வரைக்கும் ஏறுகிறது. அவன் வயிறு மூச்சுக்கு மூச்சு என் விரலை அழுத்திவிட்டு விலகுவது தெரிந்தது. நூல்கண்டு பெஞ்சின் மேல் தூக்குவாளிக்குள் இருந்தது.

தூக்குவாளிக் கதையை உனக்கு நான் சொல்லவில்லை. உன் பேத்தியும் பூனைக்குட்டி வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். போன ஆவணியில் நூல்கண்டைக் கூடையில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் முண்டாசு வாயிலிருந்து ஒரு விரல் நீளம் நூல் தொங்குகிறது, மிச்சம் உள்ளே. குமட்டுகிறான், ஆனால் வெளியே வரவில்லை. என் கை நூலைப் பிடித்து இழுக்கத்தான் போனது. பக்கத்து வீட்டு அக்காதான், தொடாதே, முதலில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்று சத்தம் போட்டாள். துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இழுக்கலையே?" என்பதுதான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பேத்தியிடம் படித்துக் காட்டு. பூனை நாக்கில் இருக்கிற சின்னச் சின்ன முள்ளெல்லாம் உள்பக்கம் பார்த்து வளைந்திருக்கும். நூல் அதில் மாட்டினால் பூனை நினைத்தாலும் துப்ப முடியாது, முழுங்கத்தான் முடியும். போகிற நூலின் ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிற மாதிரி குடல் நூலில் சுருங்கும். அந்த நேரத்தில் நாம் வெளியிலிருந்து இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடும். முண்டாசுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. தையலை நக்காமல் இருக்கப் பத்து நாள் கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு சுவரில் முட்டி முட்டி நடந்தான். அந்தப் பத்து நாளும் நான் ஊசியைத் தொடவில்லை, தொட மனசு வரவில்லை. அப்புறம்தான் பழைய எவர்சில்வர் தூக்குவாளி மூடியில் ஆணி அடித்து ஒரு ஓட்டை போட்டேன். ஓட்டையின் விளிம்பை அரத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிசிறு பிசிறாகப் பிடித்து இழுக்கும். நூல்கண்டு உள்ளே, நூல் மட்டும் ஓட்டை வழியாக வெளியே. பின்னி முடித்ததும் ஊசி, வெட்டிப்போட்ட நூல் துண்டு எல்லாமே பீரோவுக்குள். தையல் ஊசியில் கோத்த நூல் இதைவிட ஆபத்து. பேத்திக்கு அழுத்திச் சொல்லு.

சரி, வியாழன் ராத்திரிக்கு வருகிறேன். 28-ஆவது வரிசை முடித்துப் போனபோது முதல் படி முழுகியிருந்தது. 32-இல் தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா டார்ச்சோடு வந்தாள். இரண்டு பேருமாக அரிசி மூட்டையை மேஜைமேல் ஏற்றினோம், பத்திரப் பையை மச்சில் வைத்தோம், முண்டாசைத் தூக்கிக்கொண்டு போக ஒரு மூடி போட்ட கூடையைக் கதவருகே வைத்தேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான். அவளும் போய்விட்டாள். மணி ஒன்றரை இருக்கும். மறுபடி உட்கார்ந்தேன். 36, அதே படி. 40, அதே படி, தண்ணீரில் நுரையும் வேப்பஞ்சருகும் ஒரு கோடாக நின்றன. 44-இல் அந்தக் கோடு படி விளிம்புக்குக் கீழே போயிருந்தது. ஈரத்தில் ஒரு விரல்கடை தெரிந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். 52-இல் இரண்டாவது படி காலி. 60 வரிசை முடித்ததும் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும்போதே தூங்கினேன். இரண்டு வருஷத்தில் இது முதல் தடவை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காலையில் துணியை மடியில் விரித்தேன். ஒரு சாண் வளர்ந்திருந்தது, பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் இடுப்புப் பிடித்த மாதிரி உள்ளே போயிருந்தது. டேப் வைத்துப் பார்த்தால் கீழே 50 சென்டிமீட்டர், அந்த இடத்தில் 46. கண்ணி ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன், 110 சரியாக இருந்தது. 32-இலிருந்து 44 வரைக்கும் சுண்டுவிரலில் நூலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். கண்ணிக்குக் கண்ணி மயிரிழை குறைந்தால் நூற்றுப் பத்துக் கண்ணியில் நாலு சென்டிமீட்டர் போகாதா? அந்த இடம் தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது.

அக்கா பார்த்துவிட்டு, புயல் ஞாபகமாக அப்படியே இருக்கட்டும் என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ குளிரில் போட்டுக்கொள்ளப் போகிற உடுப்பு, கையைத் தூக்கினால் விலாவில் பிடிக்கக் கூடாது. என் பயத்தை நீ எதற்கு மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்? ஊசியை உருவிவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். 28-ஆவது வரிசைவரை பிரித்துவிட்டேன்.

அப்போது அப்பா ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் முதன்முதலில் பின்னக் கற்றுக்கொண்டு வந்த அன்றைக்கு, அந்த நாலு விரல் அகலத் துண்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தார். நீள நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று கேட்டார். ஒரே நூல்தான்பா என்றேன். அவர் நம்பவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார், சரசரவென்று இரண்டு வரிசை அவிழ்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ கையிலிருந்த நூலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, "ஒரு இழைகூட அறலையே, முழு நூலும் திரும்பி வருதே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தறியில் அறுத்த துணி அறுத்ததுதான். அப்புறம் அன்றைக்குச் சாயந்தரமே என்னை உட்கார்த்தி, அந்த இரண்டு வரிசையையும் மறுபடி போடச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

பிரித்த நூல் சேமியா மாதிரி நெளிநெளியாக இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணி ஒழுங்காக விழாது. நாற்காலி முதுகில் சுற்றி எடுத்து, நாலு இடத்தில் வெள்ளை நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்தேன். பிழியாமல் துண்டில் ஒற்றிவிட்டுக் கொடியில் மாட்டி, கீழே கனத்துக்குப் பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெயில் இன்னும் வரவில்லை, அதனால் அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று சமையற்கட்டிலேயே. கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். முண்டாசு வெளியே கதவடியில் கையை விட்டு விட்டுப் பார்க்கிறான்.

உன் கை நீளம் வேண்டும். தோள்மூட்டிலிருந்து மணிக்கட்டு வரை, கையைக் கொஞ்சம் மடக்கி வைத்து அளந்து எழுது. போன தடவை கொடுத்த அளவு உனக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்னால் எடுத்தது, அதை நம்பமாட்டேன். பொத்தான் முன்பக்கமா, இல்லை தலைவழியாகப் போடுகிற மாதிரியா? தோள்வலி இருந்தால் முன்பக்கம் பொத்தான்தான் சௌகரியம். முழங்கால் எப்படி இருக்கிறது? மிச்ச நூலில் அதற்கும் ஒரு ஜோடி உறை போட்டுவிடலாம், பனிக்கு இதமாக இருக்கும்.

இப்போது எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே காய்ந்துவிட்டது. பூட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது.

உன்,
செல்லூர்க்காரி