வாள்வீச்சுச் சங்கத்தின் ஆண்டறிக்கை: மாஸ்க்குகளைப் பற்றி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பயிற்சியாளர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். கடந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை வாசிக்கிறேன்.

வகுப்புகள் வழக்கம்போல மாலையில் நடந்தன. ஐப்பசி மழையில் கூடம் ஒழுகியதால் மூன்று வாரம் நிறுத்தினோம். போட்டிகளுக்குப் போய் வந்தவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஆண்டு நம் பணமும் கவலையும் பெரும்பாலும் ஒரே பொருளுக்குப் போனது: ஆடும்போது முகத்தை மூடும் கம்பிவலை மாஸ்க்.

ஆடி மாதத்தில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் அண்ணனுடைய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஆடினான். எதிரே ஆடியவன் பாய்ந்து குத்தியதும் இவன் தலையைப் பின்னால் வெட்டி இழுத்தான். தொளதொளவென்று இருந்த மாஸ்க் மேலே எழும்பிவிட்டது. வாள் நுனி தாடைக்குக் கீழே உரசிக்கொண்டு போனது. சின்னச் சிராய்ப்புதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கூடத்திலிருந்த 17 மாஸ்க்குகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். நான்கில் முகத்துக்கு நேராகவே பள்ளம் விழுந்து, கம்பிகள் ஒதுங்கி இடைவெளி விட்டிருந்தது. இரண்டில் தாடைப் பக்கம் துரு. கட்டைவிரலால் அழுத்தினால் வலை உள்ளே போனது. இந்த ஆறையும் அன்றே ஒதுக்கினோம்.

பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தினால் போதாதா என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே முறிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சர்வதேச விதிப்படி வலைக் கம்பியின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இடைவெளி 2.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பி ஒதுங்கிய வலையில் அந்தக் கணக்கு போய்விடுகிறது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், மாஸ்கோ ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் ஆடிக்கொண்டிருந்தபோது எதிராளியின் ஃபாயில் வாள் முறிந்தது. முறிந்த முனை மாஸ்க் வலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. சில நாளில் அவர் இறந்துபோனார். மாஸ்க், உடை, வாள் மூன்றுக்குமே விதிகள் இறுகியது அதற்கு அப்புறம்தான். அவரும் மாஸ்க் போட்டுத்தான் ஆடினார் என்பதை நான் மறப்பதே இல்லை.

இனி வாங்குவது பற்றி. “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே இருக்கட்டும்” என்று தயவுசெய்து வாங்காதீர்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி, இதற்கு ஆகாது. மாஸ்க்கைப் போட்டு, பின்பட்டையை மாட்டி, குனிந்து தலையை நன்றாக உதறச் சொல்லுங்கள். அசையக் கூடாது. தாடை உள்ளே பதிந்து உட்கார வேண்டும். பின்னால் இருக்கும் நாக்கு போன்ற தகட்டைப் பிள்ளையின் மண்டைக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளலாம், ஆனால் பின்பட்டைக்குப் பதிலாக அதை மட்டும் நம்பக் கூடாது. மாஸ்க்கின் கீழே தொங்கும் கழுத்துத் துணியில் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று எழுதியிருப்பது அது எவ்வளவு குத்து தாங்கும் என்பதன் அளவு. எந்தப் போட்டிக்கு எது கேட்பார்கள் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

சென்னையின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் என்ற வாள் வகையில் ஆடியதைப் பார்த்துவிட்டு, இங்கே வரும் பெண் பிள்ளைகள் பலர் சேபர்தான் வேண்டும் என்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. சேபரில் தலையும் இலக்கு என்பதால் அந்த மாஸ்க் முழுவதும் மின்சாரம் கடத்த வேண்டும். எப்பே என்ற வேறு வாள் வகைக்கான மாஸ்க்கை வாங்கி வந்தால் மின்கருவி வைத்த சேபர் ஆட்டத்தில் பயன்படாது. துரு ஏறிய சேபர் மாஸ்க்கில் விழுந்த அடியையும் கருவி காட்டாமல் போகும்.

நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றோடு வியர்வையும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். ஆடி முடித்ததும் ஈரச் சட்டைக்குள் சுருட்டிப் பையில் திணிப்பதுதான் பெரிய தவறு. உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். உள்பஞ்சு கழற்ற வருமானால் தனியாகக் கையால் அலசுங்கள். வராவிட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உடனே காற்றாடவிட்டால் போதும். பைக்குள் மாஸ்க்கின் மேல் ஷூவை வைக்காதீர்கள்.

கூடத்தில் இப்போது சுவரோரம் மரக்கட்டை அடித்து, ஒவ்வொரு மாஸ்க்குக்கும் எண் போட்டு மாட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாவற்றையும் சோதிக்கிறோம். ஆண்டு விழாக் கோப்பைகளுக்கு வைத்திருந்த தொகையிலிருந்து ஆறு புது மாஸ்க்குகள் வாங்கினோம். கோப்பை கிடைக்காத பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு நன்றி.

ஒதுக்கியவற்றில் ஐந்தின் வலையைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டோம், யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆறாவது வாசலில் தொங்குகிறது. வீட்டுக்குப் போகும்போது அந்தப் பள்ளத்தை ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

இந்த அறிக்கையையும், அடுத்துப் பொருளாளர் வைக்கும் வரவு செலவையும் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்