உங்கு அசிஸின் துண்டாடல் ஆய்வைத் தமிழில் தாருங்கள்

மலாயாப் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும் இந்திய ஆய்வியல் துறையினருக்கும் வணக்கம்.

1968 முதல் 1988 வரை, 20 ஆண்டுகள் உங்கள் துணைவேந்தராக இருந்தவர் அரசப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ். ஹஜ் பயணச் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜிக்கு வித்திட்ட அவருடைய 1959-ஆம் ஆண்டு யோசனை, அங்காசா கூட்டுறவு இயக்கம், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆளுநராக உயர்ந்த மகள் செத்தி என்று அவரைப் பற்றிப் பேசப் பலருக்கும் செய்தி உண்டு. தோட்டத்துத் தமிழரைத் தொட்ட அவருடைய வேலையைத்தான் நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். பெரிய தோட்டமாக இருந்தவரை லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), மருந்தகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க ஒரு நிர்வாகம் இருந்தது. பத்துப் பதினைந்து ஏக்கராகக் கைமாறிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது? ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு வேலையோடு குடியிருந்த வீடும் போனது, கும்பிட்ட கோயிலும் போனது. 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் (மலாயா டாலராக) பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியது இந்தக் கொடுமையால்தான்.

1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை முறையாக ஆராய்ந்தவர் உங்கு அசிஸ். 1962-இல் உங்கள் பொருளாதாரத் துறையே அந்த ஆய்வை வெளியிட்டது. லண்டனில் பிறந்த ஜொகூர் அரச குடும்பத்துப் பிள்ளை, லயத்துக்காரர்களின் துயரத்தை நாட்டின் பொருளாதாரச் சிக்கலாக எடுத்து வைத்தார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் ஏழ்மையை அளந்த விதமும் அப்படித்தான். ஒரு வீட்டில் ஆள் எத்தனை, சாரோங் (கைலி) எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். வருமானம் என்னவென்று கேட்டால் கூச்சத்தில் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். கொடியில் காயும் சாரோங் உள்ளதைச் சொல்லிவிடும். நம் சங்கங்கள் நடத்தும் வறுமை ஒழிப்புக் கூட்டங்களில் இந்தப் பார்வையைக் காண்பது அரிது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆய்வைத் தமிழில் மொழிபெயர்த்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் முதல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் வரை எல்லார் கைக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். 1956 முதல் இயங்கும் இந்திய ஆய்வியல் துறைக்கு இது தகுந்த வேலை. கூடவே, துண்டாடலில் வீடிழந்து இன்று கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் வாழும் பெரியவர்களிடம் உங்கள் மாணவர்களை அனுப்பி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்களே இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை