சின்னப் புட்டிக்கு ஏன் விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், வறண்ட சருமத்துக்கான கிரீம்கள், சீரம்கள் (முகத்தில் தடவும் திரவங்கள்) பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. விலை போட்டிருந்தீர்கள். வாசனை எப்படி என்று எழுதியிருந்தீர்கள். டப்பா அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு வரி இருந்தது. உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும் 'ஹயலூரோனிக் அமிலம் நிறைந்தது' என்பதோடு முடித்துவிட்டார் கட்டுரையாளர். (தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் பொருள் அது.) முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவளுக்கு அந்த 'நிறைந்தது' இரண்டு நாள் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இருந்தது. அதனால்தான் உட்பொருள் பட்டியல் பற்றியும், சின்னப் புட்டிகளுக்கு அதிலிருந்து கிடைக்கும் விலக்கு பற்றியும் இந்தக் கடிதம்.

என் பேத்திக்கு ஓஎம்ஆரில் ஒரு ஏசி ஆபீஸில் வேலை. காலையில் வேர்த்து வழியக் கிளம்புகிறாள், ராத்திரி "முகம் இழுக்குது பாட்டி" என்று வந்து நிற்கிறாள். சென்னையில் போய் வறண்ட சருமமா என்று முதலில் நானும் சிரித்தேன். பிறகு எங்கள் பால்கனியில் ஏசி குழாய்க்கு அடியில் வைத்திருக்கும் பக்கெட்டைப் பார்த்ததும் புரிந்தது. அதில் சொட்டுகிற தண்ணீரெல்லாம் அறைக் காற்றில் இருந்த ஈரம்தானே. நாள் முழுக்க அப்படி ஈரம் பிழியப்பட்ட காற்றில் உட்கார்ந்தால் தோல் என்ன செய்யும்?

அவள் இணையத்தில் ஒரு சீரம் வாங்கினாள். 30 மில்லி, 599 ரூபாய். புட்டியின் முன்பக்கத்தில் ஹயலூரோனிக் என்று கொட்டை எழுத்து. பெட்டியின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அக்வா, அதாவது தண்ணீர். அடுத்து கிளிசரின். பிறகு ப்யூட்டிலீன் கிளைகால் என்ற கரைப்பான். கீழே இறங்கினால் பீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ், அதாவது கெடாமல் காக்கும் பொருள். அதற்கும் பிறகுதான் சோடியம் ஹயலூரோனேட், அதாவது ஹயலூரோனிக் அமிலத்தின் உப்பு. முன்பக்கத்துக் கொட்டை எழுத்து இதைத்தான் சொல்கிறது.

இந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி, 1 சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருக்கும் பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். பீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பே 1 சதவீதம்தான். ஆகவே அந்தப் பெயர் வந்துவிட்டால், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பொதுவாக ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் சங்கதி என்று வைத்துக்கொள்ளலாம். குங்குமப்பூ, தாமரை, வல்லாரை என்று முன்பக்கத்தில் படம் போட்டவை பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். (கொரிய கிரீம்களில் 'சிகா' என்று வருவதும் நம் வல்லாரைதான். பட்டியலில் சென்டெல்லா ஏசியாட்டிகா என்று போட்டிருக்கும். துவையல் அரைத்தால் சாப்பிட மாட்டேன் என்ற பேத்தி அதைக் காசு கொடுத்து முகத்தில் தடவுகிறாள்.)

நியாயமாகச் சொன்னால், ஹயலூரோனிக் குறைவாக இருப்பது மோசடி இல்லை. அது நீளநீளமான மூலக்கூறு. கொஞ்சம் சேர்த்தாலே தண்ணீர் கூழாகிவிடும். 1934இல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற விஞ்ஞானிகள் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் வழவழப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள் என்றால் அதன் தன்மை புரியும். என் கேள்வி வேறு. அந்தப் புட்டியில் பெரும்பாலான வேலையைச் செய்வது இரண்டாவதாக நிற்கும் கிளிசரின். சோப்பு காய்ச்சும்போது உடன் கிடைக்கும் பொருள். மருந்துக்கடையில் நம் அம்மாக்கள் வாங்கிப் பன்னீரில் கலந்து உதட்டுக்கும் முழங்கைக்கும் தடவிய அதே பொருள். அந்த சீரம் விலைக்கு அதில் பல புட்டி வாங்கலாம். அதன் பெயர் ஏன் முன்பக்கத்தில் இல்லை? பழைய பொருள் என்பதால் வெட்கமா?

கிளிசரினும் ஹயலூரோனிக்கும் ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. பிடித்த ஈரம் பறந்துபோகாமல் இருக்க மேலே ஒரு மூடி வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின், டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எல்லாம் அந்த மூடி வேலைக்கு. சீரத்தை மட்டும் தடவிக்கொண்டு ஏசியில் போய் உட்காருவது பானையை நிரப்பிவிட்டுத் திறந்துபோட்ட கதைதான். இப்போது பேத்தி குளித்து ஈரம் காய்வதற்குள் சீரம் தடவி, மேலே டைமெத்திகோன் உள்ள சாதாரண கிரீமைப் பூசிக்கொண்டு போகிறாள். இழுப்பு குறைந்திருக்கிறதாம். தேங்காய் எண்ணெய் போதாதா என்று என் தங்கை கேட்டாள். கைகாலுக்குத் தாராளமாகப் போதும். முகத்தில் பரு வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் கணவருக்குச் சர்க்கரை, காலில் பித்தவெடிப்பு. டாக்டர் எழுதிக்கொடுத்த கிரீமில் யூரியா 10 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. "வயலுக்குப் போடுற யூரியாவா?" என்று முகம் சுளித்தார். அதேதான், சுத்தப்படுத்தியது, நம் தோலிலேயே இயற்கையாகவும் இருக்கிறது என்றேன். இங்கே நான் கவனித்தது, சதவீதம் தெரிந்ததால் இன்னொரு கிரீமோடு ஒப்பிட முடிந்தது என்பதைத்தான்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். அடுத்ததாகப் பேத்தி ஒரு ஜெல் வரவழைத்தாள், 20 கிராம் ட்யூப். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பட்டியலே இல்லை. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 'சட்டப்படி தேவையில்லை' என்று பதில். தேடிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்! 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீமுக்கும் உட்பொருள் பட்டியல் போட வேண்டியதில்லை என்று அதே விதிகளில் விலக்கு இருக்கிறது. 30 மில்லி சீரம் பெட்டியில் பட்டியல் இருந்ததுகூட அந்தக் கம்பெனியின் பெருந்தன்மை.

இந்த விலக்கில் யார் யார் அடங்குகிறார்கள் பாருங்கள். மில்லி கணக்கில் பார்த்தால் கடையிலேயே அதிக விலைக்கு விற்கும் சீரம்கள் ஒருபுறம். பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட் கிரீம்கள் இன்னொரு புறம். பணக்காரப் பெண்ணுக்கும் தெரியாது, வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் தெரியாது. ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் முகம் தடித்துப் போனால், தோல் டாக்டரிடம் எதைக் காட்டுவது?

இடம் இல்லை என்பார்கள். 5 மில்லி கண் சொட்டுமருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். மருந்தின் அளவு, பிரிசர்வேட்டிவின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. சீரத்துக்குப் புட்டி போதாவிட்டால், அதைவிட மூன்று மடங்கு பெரிய அட்டைப்பெட்டி இருக்கிறதே. பாக்கெட்டுக்கு முதுகுப்பக்கம் போதும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்த விலக்கை எடுக்கச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, ஒவ்வொரு படத்துக்கும் கீழே உட்பொருள் பட்டியலின் முதல் ஐந்து பெயர்களையும், மில்லிக்கு என்ன விலை என்பதையும் அச்சிடுங்கள். பட்டியல் தராத கம்பெனியாக இருந்தால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை